மாலையில் தாழும் இமை

என் அன்னையார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியை. ஆலயப் பாடற்குழுவிலும் அவர் குரலே முன்னிற்கும். மூன்றாண்டுகட்கு முன், இரவுதோறும் எங்கள் வீட்டில் நிகழும் குடும்ப ஜெபத்தில் அவர் வேதபாடம் வாசிக்குங்கால், இடக்கண் இமை மெல்லத் தாழலாயிற்று. ஓர் அதிகாரம் முடியுமுன் சொற்கள் மூக்கொலியாய்க் குழைந்தன. ஒருநாள் யான், “ஜெபத்திலுமா உறக்கம், அம்மா?” என்று நகைத்துவிட்டேன். அவர் மறுமொழி கூறாது வேதப்புத்தகத்தை என் கையில் தந்துவிட்டார். அதன்பின் வாசிப்பு என்னுடையதாயிற்று. அந்நகைப்பை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

காலையில் எழும்போது அவர்க்கு ஒரு குறையும் இராது. வைத்தியரைக் காணச் செல்வதோ காலைப் பொழுதிலேயே. ஒருவர் மூக்குக்கண்ணாடி எழுதித் தந்தார். மற்றொருவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை தந்தார். மூன்றாமவர் மனக்கவலை என்றார். உடன் பணிபுரிந்தோர் சிலர் சோம்பல் என்றே முடிவு செய்தனர். உறவினர் காட்டிய சித்த வைத்தியர் ஒரு தைலம் தந்தார். அம்முதியவரே பின்னொரு மாலை எங்கள் வீட்டிற்கு வந்தவர், அன்னையார் பருகிய நீர் மூக்கின் வழியே திரும்பி வரக் கண்டு திடுக்கிட்டு, “இது என் தைலத்திற்கு அடங்கும் பிணியன்று, நரம்பு வைத்தியத்தில் வல்லவரிடம் இன்றே கொண்டு செல்லுங்கள்” என்றார். பட்டம் பல பெற்றோர் கூறாத சொல் அது.

இரவோடிரவாக மதுரை சேர்ந்தோம். காலையில் வந்த நரம்பியல் டாக்டர் முன்னும் இமை இயல்பாகவே நின்றது. என் உள்ளம் சோர்ந்தது. மாலை வேளைகளில் கைப்பேசியிற் பிடித்திருந்த படங்களை அவரிடம் நீட்டினேன். அவர் அவற்றைக் கூர்ந்து நோக்கி, தலையை அசையாது மேலே பார்த்துக்கொண்டிருக்குமாறு அன்னையாரைப் பணித்தார். ஒரு நிமிடம் செல்லுமுன் இமை சரிந்தது. பின்பு பனிக்கட்டியைக் கையுறையிலிட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தெடுத்தார். இமை எழுந்து நின்றது! குளிர்ச்சியால் இந்நோயிற் சோர்ந்த தசை சிறிது நேரம் வலுப்பெறுமாம். இரத்தப் பரிசோதனையும் அதனை உறுதி செய்தது. நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். தசை, வலுவின்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களோடு, கடுமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் சேர்ந்தமைந்த பெயர் இது. அந்நேரத்திலும் சொல்லாராய்ச்சியில் மனம் ஓடியது தமிழ் மாணவனின் குற்றம்.

நரம்பு தசையை நேரே தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. நரம்பின் நுனியில் அசிடைல்கோலின் என்னும் பொருள் சுரந்து, அவ்விடைவெளியைக் கடந்து, தசைமேலுள்ள ஏற்பிகளைச் சேர்ந்தால்தான் தசை இயங்கும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்களே அவ்வேற்பிகளைப் பகையெனக் கொண்டு அடைப்பதும் அழிப்பதும் இந்நோய். ஆதலின் முதலிற் சில அசைவுகள் செவ்வனே நிகழும், இயங்க இயங்க வலுக் குன்றும், ஓய்ந்தால் மீளும். காலைக்கும் மாலைக்கும் வேறுபட்டதாலேயே பிறர் ஐயுற்ற அத்தளர்ச்சிதான் நோயின் தலையாய குறி.

நெடுநேரம் பேசினால் ஊமையாகி, ஓரிரு மணி நேரத்திற்குப்பின் பேச்சு மீளும் ஒரு பெண்ணைப்பற்றி, தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1672-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பயன்தரும் மருந்து காணவோ 1934 வரை செல்லவேண்டியிருந்தது. கிரீனிச் நகர மருத்துவமனையொன்றில் பணியாற்றிய மேரி வாக்கர் என்னும் பெண் டாக்டர், இந்நோயின் குறிகள் கியுராரே என்னும் அம்பு நஞ்சின் குறிகளை ஒத்திருத்தலை எண்ணி, அந்நஞ்சிற்கு மாற்றாகிய பைசாஸ்டிக்மைனைச் செலுத்திப் பார்த்தார். தாழ்ந்த இமை உயர்ந்தது. அம்மருந்து முதலிற் கிடைத்ததோ மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையினின்று. பச்சிலையை இகழ்வோரும் ஆங்கில மருந்தை அஞ்சுவோரும் இதனைச் சற்றே எண்ணலாம்.

அன்னையார் இப்போது உண்ணும் பைரிடோஸ்டிக்மைன் அவ்வினத்ததே. அது அசிடைல்கோலின் விரைந்து சிதையாவண்ணம் காக்குமேயன்றி நோயை வேரறுக்காது; எதிர்ப்பொருளை அடக்க வேறு மருந்தும் உண்டு. தைலம் தேய்த்துக்கொள்வதை டாக்டர் தடுக்கவில்லை. அதனால் உடல் இளைப்பாறுமெனின் நன்றே என்றார். உட்கொள்ளும் மருந்து எதுவாயினும், எவர் தந்ததாயினும், தம்மைக் கேட்டே உண்ணவேண்டுமென்று மட்டும் வற்புறுத்தினார். கிருமிகளைக் கொல்லும் சில மருந்துகளும், கொயினாவும், மக்னீசிய ஊசியும் இந்நோயை மிகுவிக்கக்கூடும். சளி பிடித்தால் கடையிற் கேட்டு மாத்திரை வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் ஒழிந்தது.

மூச்சுத் தசை தளருமாயின் உயிர்க்கே இடர். அதனை முன்னறியும் பொருட்டு, ஒரே மூச்சில் எத்துணை எண்ண இயலுமென்று பார்த்துவருமாறு டாக்டர் கற்பித்தார். எண் குறைந்துகொண்டே வருமாயின் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விடுதியிலிருந்து இரவுதோறும் யான் தொலைபேசியில் கேட்டிருக்க, அன்னையார் எண்ணுவார். மதுரை சேர்ந்த அன்று 14. நேற்றிரவு 38. எண்ணி முடித்து, சற்று இளைப்பாறி, சங்கீதம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினார். இடையில் இருமுறை நின்றார். யான் ஒன்றும் பேசாது காத்திருந்தேன்.