சத்தத்தை அடைத்த கதை



போன கிழமை மட்டும் மூன்று பேர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சேர், ஒங்கட பைக்ல பட் பட்டெண்டு வெடிச்சிக்கிட்டு இருந்திச்சே, அத எப்பிடி நிப்பாட்டின?" ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொன்னால் நல்லது என்று இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். எங்கள் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

"நாங்கள்" என்று எழுதுவது வீட்டில் உள்ள இருவரையும் சேர்த்துத்தான். இருவரும் கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து வெளியேறியவர்கள். இருவருக்கும் ஒரே பாடசாலை, ஒரே பைக், ஒரே கடன்.

பைக் ஒரு 150 சீ.சீ. காபரேட்டர் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, புதிதாக ஒன்று எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். பழையதன் விலைகூட எங்கேயோ போய்விட்டது. இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஓடினோம். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு கட்டத்தில் வெடிக்கத் தொடங்கியது.

வேகமாகப் போகும்போது ஒன்றுமில்லை. ஒழுங்கைக்குள் திரும்ப அக்சிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் பட், பட், படார் என்று கேட்கும். இளசுகளுக்கு அது ஒரு கெத்து. வேண்டுமென்றே அக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டு அந்தச் சத்தத்தை எடுப்பவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். எங்களுக்கோ வெட்கம். பள்ளிவாசல் விறாந்தையில் இருக்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள். "என்ன சேர், பெருநாளைக்கு இன்னும் நாள் இரிக்கே, இப்பவே வெடியா?"

சிரிக்காத ஒருவரும் இருந்தார். எங்கள் ஒழுங்கையின் முனை வீட்டு மூத்தம்மா. 1990 ஐக் கண்டவர். அந்த வருடத்தைக் கண்டவர்களுக்கு நாங்கள் எதையும் விளக்கத் தேவையில்லை. ஒருநாள் அசருக்குப் பிறகு வரும்போது வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"மகன், அந்தச் சத்தம் ஒங்கட சைக்கிளா?"

ஓம் என்றோம்.

"நான் ஒவ்வொரு நாளும் கதவப் பூட்டிட்டு உள்ளுக்குப் போய் இரிக்கன். ஒங்கடதெண்டு தெரிஞ்சா பூட்ட மாட்டன்தானே."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆறுதல்பட்டுத்தான் சொன்னார். ஆனால் எங்களுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாங்கள் வீடு திரும்பும் நேரம், ஒரு வயதான மனுசி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அடுத்த நாளே கராஜுக்குப் போனோம். அங்கே இருந்த தம்பி நல்ல கைகாரன். காதைக் கொடுத்துக் கேட்டான். "சேர், இது ஏர் சிஸ்டம். ஹோஸ அடைச்சி உட்டா சரி. அஞ்சி நிமிசம்." தாங்கியைக் கழற்றினான். எஞ்சினின் தலைக்குப் போகும் கறுப்பு ரபர் ஹோஸைப் பிடுங்கி, அதற்குள் அளவான ஒரு போல்ட்டைத் திணித்து, கிளிப்பைப் போட்டு இறுக்கினான். காசும் வாங்கவில்லை. ஓடிப் பார்த்தோம். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. மூத்தம்மாவின் வீட்டைக் கடக்கும்போது பார்த்தோம், கதவு திறந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று இருந்துவிட்டோம்.

இனித்தான் கதை.

தரம் 10 வகுப்பு ஒன்றில் தகனம் பற்றிய பாடம் போய்க்கொண்டிருந்தது. எங்களில் டீச்சருடைய வகுப்பு. எரிபொருளுக்குப் போதிய ஒட்சிசன் கிடைத்தால் பூரண தகனம். காபனீரொட்சைட்டும் நீரும் வரும். ஒட்சிசன் போதாவிட்டால் குறை தகனம். காபனோரொட்சைட்டும் கரியும் வரும், எரியாத எரிபொருளும் மிஞ்சும். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வாகனப் புகையில் இருக்கும் இவற்றைக் குறைக்க எஞ்சின்களில் ஏற்பாடுகள் உண்டு என்பது வரை பாடம் நன்றாகவே போனது.

பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான். கராஜ் தம்பியின் கடைசித் தம்பி.

"டீச்சர், சேர்ட பைக்ல எங்கட காக்கா அத அடைச்சித்தானே குடுத்த?"

வகுப்பே சிரித்தது. அவன் நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ளக் கேட்டான். "அப்ப காபனோரொட்சைட்டு கூடுமா டீச்சர்?"

"கூடும்" என்பதுதான் பதில். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "நாளைக்குச் சொல்றன்" என்று அன்றைய பாடம் முடிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் நாளைக்கு என்று சொல்வது ஆசிரியருக்கு எவ்வளவு பாரம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அன்று இரவு இருவரும் உட்கார்ந்து அந்த ஹோஸ் என்ன வேலை செய்கிறது என்று சரியாகப் படித்தோம். விளங்கியதை எளிமையாகச் சொல்கிறோம்.

எஞ்சினில் இருந்து புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு சிறிய உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சலைப் பயன்படுத்தி, காற்று வடிகட்டிப் பெட்டியில் இருந்து சுத்தமான காற்றை ஒரு ஹோஸ் வழியாகப் புகை வெளியேறும் வாயிலுக்கே கொண்டுவருகிறார்கள். நடுவில் ரீட் வால்வு என்ற மெல்லிய தகடு இருக்கும். காற்றை உள்ளே விடும், புகையைத் திரும்ப விடாது. பம்ப் கிடையாது, பெற்றோல் செலவும் இல்லை. கொதிக்கும் புகையில் ஒட்சிசன் சேர்ந்ததும் எரியாமல் வந்த ஐதரோகாபனும் காபனோரொட்சைட்டும் அங்கேயே எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும். யமஹா இதை ஏ.ஐ.எஸ். என்கிறது, சுசுகி பெயார் என்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்று. இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கான புகை விதி 2010, 2017, 2020 என்று படிப்படியாக இறுகியது. அங்கிருந்து நமக்கு வரும் எத்தனையோ வண்டிகளில் இது இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஏன் வெடிக்கிறது? ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேட்டரை விட்டால் காபரேட்டரின் வாய் மூடிக்கொள்ளும். எஞ்சின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே போகும் கலவை சரியாகப் பற்றாது. பற்றாத பெற்றோல் ஆவி சைலன்சருக்குப் போகும். அந்த நேரம் அங்கே புதிய காற்றும் வந்தால், சூட்டில் அது அங்கேயே பற்றும். அதுதான் அந்தப் பட் பட்.

முக்கியமான விடயம் இனித்தான். செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் எங்களுடையதைப் போன்ற காபரேட்டர் வண்டிகளில் உள்ளெடுக்கும் குழாயில் இருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அந்த வால்வுக்கு வருகிறது. அக்சிலேட்டரை விட்டதும் அந்தக் குழாயில் உறிஞ்சல் கூடும். அந்த உறிஞ்சலே வால்வை மூடி, காற்று போவதை நிறுத்திவிடும். இன்ஜெக்சன் வண்டிகளில் இந்த வேலையை மின்சாரத்தால் இயங்கும் வால்வு செய்யும். அதாவது எல்லாம் சரியாக இருந்தால், வெடிக்கக்கூடிய அந்த நேரத்தில் காற்று போகாது. வெடிக்கிறது என்றால் வேறு எங்கோ ஒரு பழுது இருக்கிறது. வண்டி எங்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயில் போல்ட்டை வைத்து அடைத்திருக்கிறோம்.

பழைய கோவையை எடுத்து இரண்டு வருடத்தின் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டோம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க எடுத்ததுதான். அடைத்த பிறகு எடுத்ததில் ஐதரோகாபனும் காபனோரொட்சைட்டும் முந்திய வருடத்தை விடக் கூடியிருந்தன. ஆனாலும் சித்திதான். அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல்படத்தான் பார்த்தோம். பிறகு யோசித்தோம். 35 புள்ளி எடுத்துச் சித்தியடைந்த பிள்ளையிடம் "இது போதுமா மகன்?" என்று கேட்பவர்கள் நாங்கள்தானே.

அதோடு காலை ஏழேகாலுக்குப் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகளை இறக்க வரும் பைக்குகள் எத்தனை. பாதிக்கு மேல் வீட்டில் இருந்து இரண்டு நிமிடத்தில் வந்தவை, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. நிறுத்தாமல் ஓடவிட்டபடியே நிற்பார்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போதுதான் எரியாத எரிபொருள் அதிகம் வெளியேறும். அந்தச் சைலன்சர்களின் உயரத்தையும் முதலாம் தரத்துப் பிள்ளையின் மூக்கு இருக்கும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் எங்கள் பைக்கும் ஒன்று.

சனிக்கிழமை வேறொரு பாஸிடம் கொண்டுபோனோம். வயதானவர், அவசரப்படாதவர். போல்ட்டைக் கழற்றிக் கையில் தந்தார். "சேர், இத அடைச்சா எஞ்சின் சாகாது. ஆனா என்ன வருத்தமெண்டு தெரியாமலே குளிசையக் குடிச்ச கணக்குத்தான்."

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாவது, சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரி பூசியிருந்தது. உள்ளே இருந்த கேஸ்கட் வளையம் எரிந்து தேய்ந்திருந்தது. புகை வெளியே கசியும் இடம் காற்றை உள்ளேயும் இழுக்கும், அதுவும் வெடிக்க வைக்கும் என்றார். இரண்டாவது, அந்த மெல்லிய ஹோஸின் நுனி காய்ந்து வெடித்திருந்தது. உறிஞ்சல் வால்வுக்குப் போய்ச் சேரவே இல்லை. வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பக் கொளுவினார். வாயால் உறிஞ்சிப் பார்த்து வால்வு மூடுகிறது என்பதையும் காட்டினார்.

மூன்றாவதுதான் எங்களுக்கு உறைத்தது. காபரேட்டரில் கலவை ஸ்குரூவைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இத ஆரு இப்பிடித் திருப்பின?"

நாங்கள்தான். 2022 இல். பெற்றோல் வரிசையும் கியூஆரும் யாருக்கு மறக்கும்? பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கிய காலம். அதைப் பாடசாலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரித்து ஓட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஸ்குரூவைத் திருப்பிப் பெற்றோலைக் குறைத்தோம். எவ்வளவு மிச்சம் வந்ததோ தெரியாது. கியூஆர் போனது, வரிசை போனது, ஸ்குரூ அப்படியே இருந்தது. பெற்றோல் குறைந்த கலவை சரியாகப் பற்றாது, எஞ்சினையும் சூடாக்கும். வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கஷ்ட காலத்தில் நாங்கள் செய்த ஒன்றைத் திருத்த மறந்துவிட்டு, கடைசியில் வண்டியைக் குறை சொல்லியிருக்கிறோம்.

பாஸ் ஸ்குரூவைச் சரிசெய்து, காபரேட்டரைக் கழுவி, புதிய கேஸ்கட் போட்டு, காற்று ஹோஸைப் பழையபடி கொளுவித் தந்தார். இப்போது குளிர் எஞ்சினில் எப்போதாவது மெல்லிய ஒரு "பக்" கேட்கும். அது வழமைதான், பயப்படத் தேவையில்லை என்றார்.

ஆகவே கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இது. உங்கள் பைக் வெடித்தால் முதலில் சைலன்சர் மூட்டில் கரி இருக்கிறதா என்று பாருங்கள். நட்டுகள் இறுக்கமா, கேஸ்கட் நல்லதா என்று பாருங்கள். பிறகு அந்தச் சின்ன ஹோஸ் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் தெரியும். பிறகு காபரேட்டர். எங்களுக்குப் போனது ஒரு கேஸ்கட்டின் விலையும் அரைநாள் கூலியும் மட்டும்தான். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் வேறு சைலன்சர் போட்டு, கலவையையும் மாற்றி, இதையும் அடைப்பார்கள். அது வேறு கணக்கு. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நமக்கு அது வேண்டாம்.

கராஜ் தம்பியில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தித் தந்தான். என்ன பழுது என்று நாங்கள் கேட்கவே இல்லை. போய் அவனிடமே எல்லாவற்றையும் சொன்னோம். "இனி முதல்ல ஹோஸப் பாக்கன் சேர்" என்றான்.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கும் பதில் சொல்லியாயிற்று. டீச்சர் போல்ட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "ஓம், கூடும். நாங்க செஞ்சது பிழை, திருத்திட்டம்" என்று சொன்னதும் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம்.

மூத்தம்மாவிடம் மட்டும் இதையெல்லாம் விளக்கவில்லை. பைக்கை நிறுத்தி, "இனி அந்தச் சத்தம் வராது உம்மா" என்று மட்டும் சொன்னோம். "அதுதான் கேக்கல்லையே மகன்" என்றார். பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருத்திவிட்டார்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் வேலை தெரிந்தவர்கள் திருத்துங்கள். துஆக்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.