ஒரு சொல்லைத் தேடிக் கோட்டூருக்கு

திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகத்தில் மூன்று நாட்களாக ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவின் ஸ்பானிய மிஷன்களைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் வேலை. அதில் அடிக்கடி வருகிறது 'ரெதுக்சியோன்'. ஆங்கிலப் பழக்கத்தில் முதலில் 'குறைப்பு' என்று எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: காட்டில் சிதறி வாழும் பழங்குடிகளைத் திரட்டி, தேவாலய மணியின் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியமர்த்துவதற்கு ஸ்பானியர் வைத்த பெயர் அது. அடித்துவிட்டுத் 'திரட்டு' என்று எழுதினேன். கட்டுரை வளர வளர, அடித்த சொல்லும் அப்படியொன்றும் தவறில்லை என்று தோன்றத் தொடங்கியது.

1769-ல் சான் டியேகோவில் முதல் மிஷன். பிறகு கடற்கரையோரமாக மொத்தம் 21. 1830களில் மெக்சிகோ அரசு அவற்றைக் கலைப்பதற்குள் ஞானஸ்நானம் பெற்ற பழங்குடிகள் 50,000 பேருக்கு மேல். கடைசியில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் சுமார் 15,000. சாட்டையடி உண்டு, ஓடிப்போனால் பிடித்துவரச் சிப்பாய்களும் உண்டு. ஆனால் அதிகம் பேரைக் கொன்றது தட்டம்மை, காசநோய், மேகநோய், வயிற்றுக்கடுப்பு. மணமாகாத பெண்களை இரவில் ஒரே அறைக்குள் பூட்டி வைத்தார்கள். காற்று நுழையாத அந்த அறைக்குள் நோய் தாராளமாக நுழைந்தது. தொட்டிலைவிடப் புதைகுழிக்கு வேலை அதிகம். ஆள் குறையக் குறைய, உள்நாட்டிலிருந்து புதிதாக ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிவதே பாதிரிமார் ஒழுங்காக எழுதிவைத்த ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளால்தான். மிஷன்களைத் தொடங்கிவைத்த ஹூனிபெரோ செர்ராவை 2015-ல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, அந்தப் பழங்குடிகளின் வாரிசுகளில் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

நூலகத்திலிருந்து பொடிநடையாகப் போனால் எல்.எம்.எஸ். சந்திப்பு. லண்டன் மிஷன் சொசைட்டியின் பெயர் நடத்துனர்களின் வாயில் இன்னும் வாழ்கிறது. அந்த வளாகத்துத் தேவாலயம் சாமுவேல் மெற்றீர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1883-ல் வெளியான தன் திருவிதாங்கூர் நூலில் அவர் மலைவாழ் காணிக்காரர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இங்கேயும் மிஷன் வந்தது, மலையில் பழங்குடியும் இருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினேன்.

காட்டாக்கடை, குற்றிச்சல், கோட்டூர். ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடம். மேலே அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். நம் இலக்கியத்தின் பொதிகை. வனத்துறை அனுமதிக் காகிதத்தைக் காட்டி ஜீப்பில் உள்ளே போனால் காணிக் குடியிருப்புகள். ஒன்றின் பெயர் பொடியம். தமிழ் படித்தவன் காதில் அது 'பொதியம்' என்றுதான் விழுகிறது! 'காணி' என்றால் நமக்கு நிலம், பரம்பரை நில உரிமை. இவர்களுக்கு அதுவே இனத்தின் பெயர். இன்று நிலப் பட்டாவுக்காக அலைபவர்களும் இதே காணிகள்தான்.

மூங்கில் தட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர். மடியில் கொக்கரை. வரி வரியாக வெட்டிய இரும்புக்குழல் அது. கம்பியால் அதை உரசிக்கொண்டே சாற்றுப்பாட்டுப் பாடினால் நோய் இறங்கும் என்பது நம்பிக்கை. எனக்காகக் கொஞ்சம் உரசிக் காட்டினார், பாட மறுத்துவிட்டார். "நோக்காடு இல்லாம பாடக்கூடாது சாரே." பாதித் தமிழ், பாதி மலையாளம்.

2011 கணக்கெடுப்பில் கேரளக் காணிகள் 20,000-ஐத் தாண்டியிருந்தார்கள். அழியவில்லை. என்ன காரணம்? தேனும் மெழுகும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சமவெளியோடு கொடுக்கல் வாங்கல் இருந்ததால், கீழ்நாட்டு நோய்கள் அவர்களுக்கு அடியோடு புதியவை அல்ல. கலிஃபோர்னியாக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்னொன்று, மிஷனரிகள் மலையேறினாலும் காணிகளைத் திரட்டிக் கீழே குடியமர்த்தும் படையோ அதிகாரமோ அவர்களிடம் இல்லை. ஆட்சி திருவிதாங்கூர் மன்னருடையது. அவருக்கு வேண்டியது மலைப் பொருள். ஓணத்துக்குக் கவடியார் அரண்மனைக்குத் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அரசர் கருணையால் பிழைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். அரசருக்கு அவர்கள் மலையில் இருப்பதுதான் லாபம்.

இந்தியாவில் திரட்டு நடக்கவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1858-ல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பு அமைத்த பிரிட்டிஷார், 1863-ல் ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) 'அந்தமான் இல்லம்' திறந்தார்கள். பொறுப்பு ஹென்றி கார்பின் பாதிரியாருக்கு. துணி, சோறு, ஆங்கிலம், வேலை எல்லாம் தந்தார்கள். கூடவே மேகநோய், 1877-ல் தட்டம்மை. இல்லத்தில் பிறந்த குழந்தைகளில் இரண்டு வயதைத் தாண்டியவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1901-ல் 625 பேர். 1931-ல் 90. 1961-ல் 19. மிஞ்சியவர்களை 1970 வாக்கில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா 2010 ஜனவரியில் இறந்துபோனார்.

பெரியவரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். கொக்கரையைக் கீழே வைத்தார். மலைக் குடியிருப்புகளில் இருந்த ஓராசிரியர் பள்ளிகளை 2022-ல் கேரள அரசு மூடியது. அவருடைய பேரன் இப்போது கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

"ரெண்டு நாள் இருப்பான். மூணாம் நாள் நடந்து வந்திருவான்."

"தேடி வருவாங்களா?"

"வருவாங்க. போன் பண்ணுவாங்க. பிடிச்சுக் கட்டிக் கொண்டுபோக மாட்டாங்க." சிரித்தார். "நல்ல சோறுதான் போடுறாங்க சாரே. அவனுக்கு ராத்திரி உறக்கம் வரலியாம், அத்தனை பேர் மூச்சுவிடுற சத்தம்."

விடுதியும் மிஷனும் ஒன்றல்ல. விடுதியில் டாக்டர் உண்டு, தடுப்பூசி உண்டு, சனி ஞாயிறு லீவு உண்டு. படிக்காமல் பையன் என்ன செய்வான் என்று பெரியவரே கேட்கிறார். மேலேயே ஒரு வாத்தியார் இருந்திருக்கலாமே என்றும் கேட்கிறார்.

யானை இறங்கும் நேரமாகிவிட்டது என்று ஜீப்காரர் ஹாரன் அடித்தார். கோட்டூரில் கடைசிக்கு முந்தைய பஸ் கிடைத்தது. நகரத்துக்கு வந்ததும் கைப்பிரதியை எடுத்து, 'ரெதுக்சியோன்' என்றே விட்டுவிட்டு, அடிக்குறிப்பில் அடித்த சொல்லையும் சேர்த்து எழுதினேன்.