வாப்பாவின் ‘ஃபா’

ராயபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மஃரிபுக்குப் பின் 40 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தந்தவர் என் வாப்பா. கடைசிப் பல்லும் விழுந்ததும் பாயைச் சுருட்டிவிட்டார். “மக்ரஜ் இல்லாத ஓதலை எப்படிப் பிள்ளைக்குக் கொடுக்கிறது?” என்றார். ‘ஃபா’ பிறக்க, மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தைத் தொடவேண்டும். மூன்று புள்ளி ‘ஸா’வுக்கும் நாநுனி அதே விளிம்பைத்தான் தேடும்.

முதலில் போன இடத்தில் ஒரே அமர்வில் அளவு எடுத்தார்கள். ஆல்ஜினேட் பொடியைக் குழைத்து வாயில் வைத்து எடுத்த அச்சு, நாங்கள் பணம் கட்டிக் கிளம்பும்வரை மின்விசிறிக் காற்றில் மேசைமேல் கிடந்தது. கடற்பாசியிலிருந்து பெறும் அப்பொருள் குழைத்தபின் பெரும்பகுதி தண்ணீர்தான். காற்றில் விட்டால் சுருங்கும், நீரில் போட்டால் ஊதும். ஈரத்துணியில் சுற்றி, கால்மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். இது எனக்குப் பிறகே தெரிந்தது. அந்தப் பல் செட் ஒவ்வொரு ‘ஃபா’வுக்கும் கழன்று இறங்கியது. வாப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பயிற்சியில் இருந்த மருத்துவப் பெண் முதல் அச்சை வைத்து, வாப்பாவின் ஈறுக்கென்றே தனித் தட்டு ஒன்று செய்தார். மறுமுறை அதன் விளிம்பில் பச்சைக் குச்சி ஒன்றை உருக்கி ஒட்டி, பகுதி பகுதியாக, “உதட்டைக் குவிங்க ஐயா, சிரிங்க, ‘ஆ’ சொல்லுங்க” என்றார். கன்னமும் உதடும் நாக்கும் அசையும்போது எங்கே வந்து நிற்கின்றனவோ, செட்டின் விளிம்பும் அங்கேயே நிற்கவேண்டும். மீறினால் பேச்சே அதைத் தள்ளிவிடும். குறைந்தால் காற்று புகுந்து, எச்சில் படலத்தின் பிடிப்பு அறுந்துவிடும். கடைசியாகக் கிராம்பெண்ணெய் மணக்கும் பசையை மெல்லிதாகப் பூசி அச்செடுத்தார். அதில் ஒரு குமிழி. என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

“இன்னொரு தடவை எடுத்துடலாமா, ஐயா?”

பொறுமைக்குப் பெயர் போனவரல்லர் வாப்பா. ஆனால், “எடும்மா. ஒரு எழுத்துக்கு நான் பிள்ளைகளை இருபது தடவை சொல்ல வைப்பேன்” என்றார்.

மெழுகில் பல் அடுக்கிச் சரிபார்த்த நாளில், வாப்பா சூரத்துல் ஃபலக் ஓதினார். அதில் ஒரே சொல்லில் ‘ஃபா’வும் ‘ஸா’வும் அடுத்தடுத்து வரும். அரபி அறியாத அந்தப் பெண், உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, ஒரு முன்பல்லை மயிரிழை நகர்த்தினார்.

முதல் வாரம் ஈறு புண்ணாயிற்று. இரண்டு முறை போய்த் தேய்த்துச் சரிசெய்தோம். இப்போது பாய் விரிக்கப்படுகிறது, அல்ஹம்துலில்லாஹ். போன வாரம் முன்பல் விழுந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் ‘ஃபா’ வராமல் அழுதான். “உனக்குத் தானா முளைக்கும்டா” என்று சிரித்தார் வாப்பா.