கழுதை ஏர்

முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, மொட்டையடித்து, கழுதை மேல் ஏற்றி ஊரைச் சுற்றிவர வைக்கும் கொடுமை இன்னும் செய்திகளில் தலைகாட்டுகிறது. கழுதைக்கு இந்த வேலையை முதலில் கொடுத்தது யார் என்று தேடப்போய், சங்கப் பாடல்களில் வந்து நின்றேன்.

அங்கே கழுதை மேல் யாரும் ஏறவில்லை. கழுதை ஏர் இழுக்கிறது.

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, தேர் ஓடிய பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான் என்று புறநானூற்றின் 15ஆம் பாட்டில் நெட்டிமையார் பாடுகிறார். 392ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினி அப்படி உழுத மண்ணில் வரகும் கொள்ளும் விதைத்ததையும் சேர்த்துச் சொல்கிறார். சிலப்பதிகார நீர்ப்படைக் காதையில் உழவர்களே இதைப் பாடுகிறார்கள்: வடதிசை மன்னரின் மதிலை அழித்துக் கழுதை ஏர் ஓட்டிய சேரன் வருகிறான், நாளைக்கு உனக்கு நுகத்தடி இல்லை என்று தங்கள் எருதிடம் சொல்கிறார்கள். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் இதற்கு 'உழுது வித்திடுதல்' என்று தனித் துறையே உண்டு.

புலவர் மரபு மட்டும்தானா இது? புவனேசுவரம் அருகே உதயகிரியில் உள்ள ஹாதிகும்பா கல்வெட்டு வேறு பதில் தருகிறது. கலிங்க மன்னன் காரவேலன் பிதுண்டம் என்ற நகரைக் கழுதை ஏரால் உழுதான் என்று அதன் பிராகிருத வரியைப் படித்திருக்கிறார்கள். தமிழ் அரசுகளின் கூட்டணியை அவன் உடைத்ததும் அதை ஒட்டியே வருகிறது. அப்படியென்றால் கலிங்கனும் தமிழ் வேந்தரும் ஒரே இழிவை ஒரே மொழியில் பேசியிருக்கிறார்கள். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியும் தஞ்சையையும் உறந்தையையும் எரித்து, கழுதையால் உழுததைப் பெருமையாகச் சொல்கிறது. அதே அழிவில், பட்டினப்பாலை என்ற பாட்டுக்குச் சோழன் முன்பு பரிசாகத் தந்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அவன் விட்டுவைத்ததைத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு கூறுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எதை இழிவு செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று அவன் எண்ணிச் செய்திருக்கிறான்.

சரி, ஏன் கழுதை? சித்திரையில் எருதுக்குப் பொட்டிட்டு, பூச்சூட்டி, பொன்னேர் பூட்டும் ஊர்களில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏர் பூட்டுவது மங்கலம். அந்த மங்கலத்தை அப்படியே எடுத்து, எருது நிற்க வேண்டிய இடத்தில் கழுதையை நிறுத்துகிறார்கள். கழுதையோ மூதேவியின் வாகனம். நெல்லுக்குப் பதில் வரகு. இனி இது அரண்மனை அல்ல, புன்செய்க் காடு என்று அறிவிப்பதற்கு வேறு என்ன வேண்டும்? கழுதை ஊர்வலமும் இதே கணக்குத்தான். சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் உரிய ஊர்வலத்தைக் கழுதை மேல் நடத்துகிறார்கள்.

கழுதையிடம் பிழையில்லை. பெரும்பாணாற்றுப்படையில் அது மிளகு மூட்டை சுமந்து வணிகரோடு நடக்கிறது. அங்கே ஏளனத்தின் நிழலே இல்லை. வரகுச் சோற்றையும் சங்கப் பாடல்கள் விருந்தாகவே போற்றுகின்றன.

ஆனால் இந்தத் தேடலில் என்னை உறுத்துவது வேறு. கழுதை ஏர் ஓடியது வேந்தனின் கோட்டைக்குள். எதிரி சமபலம் உள்ளவன். மனு நூலின் எட்டாம் அத்தியாயத்திலோ, குற்றம் செய்த பெண்ணைக் கழுதை மேல் ஏற்றித் தெருவில் கொண்டுபோகும் தண்டனை வருகிறது. அங்கே கோட்டை இல்லை, ஓர் உடல்தான். இன்று சாதி மீறிக் காதலித்தவரையும் ஒடுக்கப்பட்டவரையும் தேடிப்பிடித்து ஏற்றும் கூட்டத்துக்கு எந்தப் போரும் இல்லை, எந்த மதிலும் எதிரே இல்லை.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முகத்தில் சாயம் பூசி ஊர்வலம் விடுவதைக் குற்றமாக்கியது. 2015இல் வந்த திருத்தம் செருப்பு மாலை போடுவது, மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. கழுதையின் பெயர் அந்த வரிசையில் இல்லை. மனித மாண்பைக் குலைக்கும் 'இதைப் போன்ற வேறு செயல்கள்' என்ற பொருளில் வரும் தொடருக்குள் அதுவும் அடங்கும் என்றே நான் படிக்கிறேன்.