தராசு ஒண்ணுதானா?

காந்தி மார்க்கெட்டில் எத்தனையோ வருஷமாக சின்ன வெங்காயம் வாங்குகிறேன். ஒரு கடைத் தராசில் சரியாக இருந்தது, இன்னொரு தராசில் ஐம்பது கிராம் குறையும். வெங்காயம் வழியிலா இளைத்துவிட்டது?

இந்த அனுபவம் என் பெண்ணின் ஆபீஸ் வேலைக்கு உதவும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்தே வெப்சைட்டுகளைச் சோதிக்கிறாள். 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் என்ற சாஃப்ட்வேர், மனுஷர் மாதிரியே பட்டனை அழுத்திப் பார்க்குமாம்.

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பிடாமல் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல பாஸ் ஆகுதும்மா, ஆபீஸ் சர்வர்ல ஃபெயில் ஆகுது. நான்தான் சரியா எழுதலைங்கறாங்க."

"ரெண்டு இடத்திலயும் தராசு ஒண்ணுதானா, பாத்தியா?" என்றேன், வாய்க்கு வந்தபடி.

பார்த்தாள். இவளிடம் பிரவுசர் ஜன்னல் பெரிது. திரையே இல்லாத சர்வரில் 800-க்கு 600 புள்ளி அளவில்தான் திறந்திருக்கிறது. இடம் குறைந்ததும் மெனு மூன்று கோட்டுக்குள் மடங்கி, தேடிய பட்டன் மறைந்துவிட்டதாம். சோதனை ஆரம்பத்திலேயே 1920-க்கு 1080 என்று அளவைக் குறித்துவிட்டாள். போன் அளவுக்குத் தனிச் சோதனை. இரண்டு இடத்திலும் பாஸ்!

இளம் தாய்மார்களே, குழந்தையின் எடையும் அப்படித்தான். ஒரு மாதம் சட்டையோடு ஒரு தராசு, மறுமாதம் வெறும் உடம்போடு வேறு தராசு என்று நிறுத்துவிட்டு, "இளைச்சுட்டானே" என்று தவிக்காதீர்கள். முதலில் தராசைப் பாருங்கள். ஒரே தராசிலும் குறைந்தால், டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்.