மூவர் கோயிலில் மூன்றாவது எங்கே? கொடும்பாளூர் கற்கள் சொல்லும் கணக்கு!

திருச்சியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில், விராலிமலையைத் தாண்டியதும் வருகிறது கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தச் சின்ன ஊருக்கு வயது அதிகம். மதுரைக்கு வழி சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரமே இந்த ஊரைக் குறிப்பிடுகிறது.

சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் மூவர் கோயில். பெயரில்தான் மூன்று, கண்ணில் படுவது இரண்டு விமானங்கள். வடக்கே மூன்றாவது இருந்த இடத்தில் அடித்தளம் மட்டுமே மிச்சம். சுற்றியிருந்த 15 சிறு சன்னதிகளுக்கும் அதே கதிதான்.

இருக்குவேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் இந்த மூன்றையும் எழுப்பியதாக நடுக்கோயில் சுவரின் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது.

எடைதான் பசை

இதுபோன்ற கற்றளிகளில் கல்மேல் கல்லை அடுக்கியிருப்பார்கள். ஒரு கன அடி கருங்கல்லே சுமார் 75 கிலோ வரும். மேல்கல்லின் எடை கீழ்க்கல்லை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. எடை நேராகக் கீழே இறங்கும்வரை கட்டடத்துக்குப் பயமில்லை. அடிக்கல் ஒன்று நகர்ந்தாலோ, இடுக்கில் வேர் புகுந்து கல்லைத் தள்ளினாலோ, தாங்கிய அதே எடை கவிழ்க்க ஆரம்பித்துவிடும்.

ஒன்றரை விநாடிகூட இல்லை

பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் நழுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் இறங்கிவிடும். 1.4 விநாடியில் தரை! அப்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பெரிய கல்தான் முந்தி விழும் என்று நினைக்க வேண்டாம். கைப்பிடிக் கல்லும் கூடவே வந்து சேரும்.

முழுக் கட்டடம் சரியும்போது கீழ்த்தளங்கள் கொஞ்சம் தடுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று, தூண்களில் வெடிவைத்து அதிகாரிகள் இடித்தார்கள். வெடி உடைத்தது தூண்களை. கட்டடத்தைக் கீழே இழுத்தது பூமி. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

விழ ஆரம்பித்தபின் ஓட நேரம் கிடைக்காது. ஆனால் அதற்கு முன் கட்டடம் பல வருடங்கள் எச்சரிக்கும். அகலமாகிக்கொண்டே போகும் விரிசல், வெளியே உப்பிய சுவர், இடுக்கில் தலைகாட்டும் அரசங்கன்று எல்லாமே அதன் பேச்சுதான்.

போகிறவர்களுக்கு

மூவர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே முசுகுந்தேசுவரர் கோயிலும், அடித்தளம் மட்டும் மிஞ்சிய ஐவர் கோயிலும் உண்டு. வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். செல்ஃபிக்காகக் கற்களின் மேல் ஏற வேண்டாம். மிஞ்சியிருப்பது இரண்டே இரண்டுதான்.

வீடு திரும்பியதும் மொட்டைமாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று எட்டிப் பார்த்தால், விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.