பேட் சேனல்

தலையில் 64 எலக்ட்ரோடுகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தால், அவற்றில் ஒன்றிரண்டாவது கெட்டிருக்கும். ஜெல் காய்ந்திருக்கும், கம்பி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், தலையைத் திருப்பியதில் எலக்ட்ரோடு தோலைவிட்டு எழும்பியிருக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை ‘பேட் சேனல்’ என்கிறார்கள். அப்படிக் கெட்டதைத் தேடிப் பிடித்துக் குறித்துவைப்பதே நாட்றம்பள்ளியில் ஒரு மாடி அறையில் இருக்கும் இளம்பெண்ணுக்கு வேலை. பயோமெடிக்கல் படித்தவர். வலிப்பு நோயை ஆராயும் ஒரு குழுவுக்காக வேலை செய்கிறார். சில நாள் ஜோலார்பேட்டையில் ரயிலேறி பெங்களூர் போவார், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. அவருடைய அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார்.

திரையில் கோடுகள் மேலும் கீழுமாக அடுக்கி ஓடுகின்றன. பத்து விநாடிக்கு ஒரு பக்கம். அம்புக்குறி விசையை அழுத்தி நகர்த்திக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இத பாருங்கண்ணா, டி8. வலது காதுக்கு மேல.”

எழுத்து மூளையின் பகுதியைச் சொல்லும். ஒற்றைப்படை எண் இடது பக்கம், இரட்டைப்படை வலது. இந்தப் பெயரிடும் முறைக்கு அடிப்படையை 1958-இல் வகுத்துத் தந்தவர் மான்ட்ரியலில் இருந்த ஹெர்பர்ட் ஜாஸ்பர். அதே மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவை சிகிச்சை 1952-இலேயே அங்கே நடந்திருக்கிறது. தோலுக்கும் ஷூவுக்கும் மட்டுமே பேர்போன வட்டாரம் என்று எங்கள் ஊர்ப்பக்கத்தை நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

டி8 கோடு நிதானமாக ஓடிக்கொண்டிருந்து, சட்டென்று செங்குத்தாக எகிறி, மெல்ல இறங்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே எகிறல். எனக்கு அது நோயின் அடையாளமாகத்தான் பட்டது. அவர் சுற்றியிருக்கும் கோடுகளைக் காட்டினார். எஃப்.டி.8, டி.பி.8, சி6 ஆகிய மூன்றும் டி8-க்குப் பக்கத்து வீடுகள். மூன்றிலும் ஒரு சலனமும் இல்லை. மூளையில் எழும் மின்னலை மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வரும்போது பரவித்தான் வரும். ஓரிடத்தில் ஓங்கி இருந்தால் பக்கத்தில் கொஞ்சம் குறைவாகவாவது தெரிந்தாக வேண்டும். ஒரே எலக்ட்ரோடில் மட்டும் தலைகாட்டுவது மூளையின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எலக்ட்ரோடின் வேலைதான். பெயரின் மேல் ஒரு கிளிக். கோடு சாம்பல் நிறமானது.

அடுத்து அவர் காட்டிய கோப்பில் முன்நெற்றிக் கோடுகள் இரண்டும் பெரிதாகத் துள்ளின. அவற்றைத் தொடவே இல்லை. அது கண் சிமிட்டல், எலக்ட்ரோடு நன்றாக இருப்பதால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இந்த நெற்றிச் சேனல்களைத்தானாம். மாறாக, பார்ப்பதற்கு மிகச் சுத்தமாக இருந்த இரண்டு கோடுகளைக் குறித்துக்கொண்டார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மயிரிழைகூடப் பிசகாது. ஜெல் வழிந்து இரண்டு எலக்ட்ரோடுகளும் ஒன்றாகிவிட்டன. துள்ளுகிற கோடு தானே காட்டிக்கொடுத்துவிடும், இப்படி அடக்கமாக இருக்கும் கோளாறுதான் ஆய்வுக் கட்டுரைவரை போய்விடும்.

ஜெல் வழிவதும் காய்வதும் எப்படி என்று பார்க்க வேலூரில் ஒரு பதிவு அறைக்குப் போயிருந்தேன். ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் படுத்திருந்தார். “தலைக்கு ஊத்திக்கினு வரச் சொன்னாங்க, எண்ணெ வெக்கக் கூடாதுன்னாங்க” என்றார் கூட வந்த அவர் அம்மா. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்தடை ஏறிவிடும். டெக்னீஷியன் பட்ஸ் குச்சியின் முனையால் வகிடு எடுத்து, தோலைச் சொரசொரப்பான ஜெல்லால் தேய்த்து, பசை நிரப்பிய சின்னக் கிண்ணத்தை அழுத்தி வைத்தார். திரையில் அந்த இடத்தின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. “கொஞ்சம் எரியும் கண்ணு, அவ்ளோதான்.” இருபத்தொரு இடங்களுக்கும் இதே பொறுமை. வேலூர் வெயிலில் வியர்வை வழிந்தால் கோடுகள் அலையலையாக ஏறி இறங்கும் என்பதால் ஏசி ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வாராம். இவர் கை இங்கே எவ்வளவு சரியாக இருக்கிறதோ, அவ்வளவு வேலை பிறகு திரைக்கு முன்னால் உட்காருகிறவருக்கு மிச்சம். ஆய்வுக் கட்டுரைகளில் இவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

கெட்டதை எப்போது குறிக்கிறோம் என்பதும் முக்கியம். இ.இ.ஜி. எனப்படும் இந்த மின்னலைப் பதிவில் எல்லா எலக்ட்ரோடுகளின் சராசரியை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழிக்கும் வழக்கம் உண்டு. கெட்ட எலக்ட்ரோடு ஒன்று 1,000 மைக்ரோவோல்ட் எகிறினால், சராசரியில் அதன் பங்கு ஏறக்குறைய 16 மைக்ரோவோல்ட். கழித்ததும் மீதி 63 கோடுகளிலும் அந்தப் போலி அலை ஏறிக்கொள்ளும். மூளையின் உண்மையான அலையே சில பத்து மைக்ரோவோல்ட்தான். அதனால் குறிப்பது முதலில், சராசரி அதன் பிறகு. பெங்களூர் நிம்ஹான்ஸில் இருப்பதுபோன்ற 306 சென்சார் கொண்ட எம்.இ.ஜி. கருவியிலும் இதே ஒழுங்குதான். அதன் சென்சார்கள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் இருந்துகொண்டு மூளையின் காந்தப் புலத்தை அளக்கின்றன. வெளியிலிருந்து வரும் காந்த இரைச்சலை நீக்க சாமு தவுலு வகுத்த கணக்கு இருக்கிறது. கெட்ட சென்சாரைக் குறிக்காமல் அந்தக் கணக்கை ஓட்டினால், ஒன்றின் கோளாறு அத்தனை சென்சாருக்கும் பரவிவிடும்.

இருட்டிய பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா, பையை வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி, ஒண்ணு மட்டும் வெளுத்துப்போயிருக்குது?”

“கெட்டுப்போச்சும்மா. குறிச்சு வெச்சிருக்கேன்.”

“நாங்களும் அப்படித்தான். உண்ணி கடிச்ச தழும்பு, கொம்புக் கீறல் எல்லாம் மார்க் பண்ணிக்கினு அப்பறம்தான் வெட்டுற டை வெப்போம்.”

“நீ அந்த எடத்த உட்டுட்டுப் பக்கத்துல வெட்டிக்குவ. எனக்கு அந்த எடமும் வேணுமே.”

வேண்டும்தான். ஆளுக்கு ஆள் வேறு வேறு எலக்ட்ரோடு விடுபட்டிருந்தால் நாற்பது பேரின் பதிவுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது. அதனால் இட்டு நிரப்புகிறார்கள். தலையை ஒரு கோளமாகக் கருதி, சுற்றியுள்ள எலக்ட்ரோடுகளின் அளவிலிருந்து விடுபட்ட இடத்தின் அளவைக் கணிக்கும் முறையை பெரானும் அவருடன் இருந்தவர்களும் 1989-இல் வெளியிட்டார்கள். இன்றும் மென்பொருள்களில் பரவலாக ஓடுவது அதுதான். நிரப்பிய கோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது மற்ற கோடுகளின் கலவை மட்டுமே, புதிய செய்தி ஒன்றும் கிடையாது. மூன்றை நிரப்பினால் திரையில் 64 கோடு தெரியும், கையில் இருப்பது 61 கோட்டுக்கான தகவல். அடுத்து வரும் கணக்குகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் அவை தடுமாறும். கெட்டவை பக்கம் பக்கமாக நான்கைந்து இருந்தாலோ, தலையின் விளிம்பில் இருந்தாலோ நிரப்புவதையே நம்ப முடியாது. அந்தப் பதிவை ஓரம் வைத்துவிடுவதுதான் நேர்மை என்கிறார் நாட்றம்பள்ளிப் பெண். நானும் அப்படியே நினைக்கிறேன்.

கெட்டதைத் தானே கண்டுபிடிக்கும் நிரல்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மைனாக் ஜஸும் அவர் கூட்டாளிகளும் 2017-இல் வெளியிட்ட ஆட்டோரிஜெக்ட் அவற்றில் ஒன்று. எந்த அளவைத் தாண்டினால் ஒதுக்குவது என்பதைப் பதிவிலிருந்தே கற்றுக்கொள்ளும். நாட்றம்பள்ளிப் பெண்ணும் இப்படிப்பட்ட நிரல்களை ஓட்டுகிறார், ஓட்டிவிட்டு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கிறார். வலிப்புக்காரர்களின் பதிவில் மற்றவற்றோடு ஒத்துப்போகாத கோடுதான் சில நேரம் நோய் இருக்கும் இடம். அதைக் கோளாறு என்று நிரல் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

பதிவோடு சேர்ந்து ஒரு பட்டியல் கோப்பு போகிறது. ஒவ்வொரு சேனலின் எதிரிலும் நல்லதா, கெட்டதா, ஏன் என்று எழுத அதில் பத்திகள் உண்டு. ‘ஏன்’ என்ற பத்தியைப் பலர் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். இவர் விடுவதில்லை. அந்தக் குறிப்புகளை வரிசையாகப் புரட்டியபோதுதான் வேறு வேறு ஆட்களின் பதிவுகளில், வேறு வேறு நாட்களில், அதே டி8 அதே மாதிரி எகிறியிருப்பது கண்ணில் பட்டது. பதிவு அறைக்கு ஃபோன் போட்டார்.

“டி8 ஒயரக் கொஞ்சம் பாருங்க சார். ஆள் மாறினாலும் அது மாறல.”

கனெக்டருக்குப் பக்கத்தில் உறைக்குள் கம்பி நைந்திருந்தது. மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கோப்புகளில் டி8-க்கு எதிரே ‘நல்லது’ என்று இருக்கிறது.